டொயோட்டா 86-ஐ எவ்வளவு தாழ்த்தலாம்?

டொயோட்டா 86-உம் அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட்டும் 2012-இல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே, வாங்கியவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே விரல்கள் தாராளமாக நுழையும். இவ்வளவு தாழ்ந்த பானெட்டும் கூரையும் உள்ள காருக்கு அந்த இடைவெளி பொருந்தாமல்தான் தெரிகிறது. அதனால் சஸ்பென்ஷன் வேலை என்றதும் முதலில் தேடப்படுவது தாழ்த்தும் ஸ்பிரிங்தான். விலை குறைவு, ஒரு பகலில் மாட்டிவிடலாம், பலன் உடனே கண்ணுக்குத் தெரியும்.

அந்த இடைவெளி ஒரு காரணத்தோடு வைக்கப்பட்டது. பள்ளத்திலும் மேட்டிலும் சக்கரம் மேலே எழும்ப அந்த இடம் வேண்டும். காரைத் தாழ்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அதிலிருந்துதான் கழிகிறது. எவ்வளவு கழிக்கலாம், கழித்ததற்கு ஈடாக வேறு எதைச் செய்ய வேண்டும் என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போக வேண்டும். பள்ளிக்கூட இயற்பியலே இதற்குப் போதும். ஆனால் ஸ்பிரிங் பெட்டியின் மேல் இந்தக் கணக்கை யாரும் அச்சடிப்பதில்லை.

தாழ்த்துவதால் கிடைப்பது

முதலில் லாபத்தைப் பார்ப்போம். வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பவை காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம். 86-இன் பாக்ஸர் எஞ்சின் தட்டையானது, தாழ்வாகவும் சற்றுப் பின்தள்ளியும் வைக்கப்பட்டது. அதனால் இந்தக் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 460 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. சாலைக் கார்களில் இது மிகவும் தாழ்வு.

ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ, சக்கர அகலம் 1,530 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். டயர் தாங்கும் எல்லைக்கு அருகில், பக்கவாட்டில் 1 ஜி விசையில் திரும்பினால் சுமார் 390 கிலோ எடை வெளிப்பக்கம் போகிறது. காரை 25 மி.மீ. தாழ்த்தினால் அது சுமார் 370 கிலோவாகக் குறையும். லாபம் 20 கிலோ, அதாவது ஏறக்குறைய ஐந்து சதவீதம். அதுவும் டயரை எல்லைவரை விரட்டும்போது கிடைப்பது. அலுவலகம் போகும் வழியில் இதன் சுவடே தெரியாது.

முதல் தலைமுறை 86 பல நாடுகளில் 215/45 ஆர்17 அளவில் மிஷ்லின் பிரைமசி எச்பி டயரோடு வந்தது. அமைதிக்கும் சிக்கனத்துக்கும் பேர்போன டயர் அது. குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் லேசாக வழுக்கி விளையாட வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே பொருத்தியது. அதைக் கழற்றிவிட்டு நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் ஒரு செட் போட்டால் கிடைக்கும் பிடிப்புக்கு முன்னால் அந்த ஐந்து சதவீதம் சிறியது. ஆகவே வேகத்துக்காக என்றால் முதல் செலவு டயருக்கு. தோற்றத்துக்காகத்தான் தாழ்த்துகிறோம் என்றால் அதையும் தயங்காமல் சொல்லலாம். அழகாக நிற்கும் காரை ஓட்ட ஆசைப்படுவதில் தவறு எதுவும் இல்லை. காரணம் இன்னது என்று தெளிவாக இருந்தால் எங்கே நிறுத்திக்கொள்வது என்பதும் தெரிந்துவிடும்.

அமுங்க மிச்சம் இருக்கும் தூரம்

சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. ஓர் எல்லைக்கு மேல் ஷாக் அப்சார்பரின் தண்டில் மாட்டியிருக்கும் பம்ப் ஸ்டாப், ரப்பர் போன்ற நுரைக் கட்டி, மேல்பக்கம் முட்டும். கார் சமதரையில் நிற்கும் நிலையிலிருந்து அந்த முட்டும் இடம்வரை உள்ள தூரமே நம் கையிருப்பு.

கணக்குக்கு வசதியாக அது 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 25 நியூட்டன், அதாவது சுமார் இரண்டரை கிலோ, வேண்டும் என்று கொள்வோம். ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அதன் விறைப்பையும், அமுங்கிய தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. இந்த 'வர்க்கம்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தூரம் பாதியானால், அதே மேட்டின் அதிர்ச்சியை விழுங்க ஸ்பிரிங் இரண்டு மடங்கு விறைப்பாக இருந்தால் போதாது. நான்கு மடங்கு வேண்டும்.

60 மி.மீ. கையிருப்பிலிருந்து 25 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 35. அதே குழியை அதே வேகத்தில் பம்ப் ஸ்டாப்பில் முட்டாமல் கடக்க ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பான ஸ்பிரிங் தேவை. கடையில் கிடைக்கும் தாழ்த்தும் ஸ்பிரிங்கோ பொதுவாக 10 முதல் 30 சதவீதம்தான் விறைப்பு கூடியது. 20 சதவீதக் கூடுதல் விறைப்பு என்பது, கணக்குப்படி, சுமார் 5 மி.மீ. தாழ்த்தலுக்குத்தான் ஈடு. மீதி 20 மி.மீ. கடன்தான். அந்தக் கடனை அடைப்பது பம்ப் ஸ்டாப். ஷாக் அப்சார்பரும் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால் உண்மை நிலை இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் சாதகம்தான். ஆனாலும் போகும் திசை இதுவே.

பம்ப் ஸ்டாப்பைக் கெட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். அமுங்க அமுங்க விறைத்துக்கொண்டே போகும்படி வார்த்தது. பல கார்களில் தயாரிப்பாளரே வளைவில் அதைத் தொடும்படி வடிவமைக்கிறார்கள். சிக்கல் எப்போது வருகிறது என்றால், தாழ்த்திய கார் நேராகப் போகும்போதே பம்ப் ஸ்டாப்பின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்போது. அப்போது வளைவின் நடுவில் ஒரு சிறு மேடு போதும், அந்த மூலையின் விறைப்பு ஒரே கணத்தில் பல மடங்காகிவிடும். முன்பக்கம் முட்டினால் கார் திரும்ப மறுத்து வெளியே தள்ளும். பின்பக்கம் முட்டினால் எச்சரிக்கையே இல்லாமல் பின்னால் வழுக்கும். ஈரச் சாலையில், பின்சக்கரங்களால் இயங்கும் காரில், இந்த இரண்டாவது நிலை உண்மையிலேயே ஆபத்தானது. விறைப்பான ஸ்பிரிங் போட்டதால்தான் கார் தூக்கிப் போடுகிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் தவறான நோய்க்கணிப்பு. ஸ்பிரிங் போதிய விறைப்பு இல்லாமல், கார் பம்ப் ஸ்டாப்பில் சவாரி செய்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் டை போதும். ஷாக் அப்சார்பரின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டில் டையைச் சுற்றி இறுக்க வேண்டும். அழுத்தினால் நகர வேண்டும், தானாக நழுவக் கூடாது. அவ்வளவுதான் இறுக்கம். கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது டையை ஷாக்கின் உடல்வரை இறக்கிவிட்டு, வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான வேகத்தில், வழக்கமாக ஏற்றும் ஆட்களோடு ஒரு சுற்று போய் வரலாம். ஷாக் அமுங்கும்போதெல்லாம் அதன் உடல் டையை மேலே தள்ளும். திரும்பி வந்ததும் டை நிற்கும் இடத்துக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அளந்தால் போதும். 20 மி.மீ. மிச்சம் இருந்தால், அந்தச் சாலைக்கு அந்தக் காரை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு அதைவிட நேர்மையான பதில் வேறு எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. பில்ஸ்டைன் தயாரிக்கும் சில தலைகீழ் ஸ்ட்ரட்டுகளில் தண்டு வெளியே தெரியாது, அங்கே இந்த வழி செல்லாது. மாற்றுவதற்கு முன்பு, பழைய ஸ்பிரிங் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

ஸ்பிரிங் மட்டுமா, ஷாக்கும் சேர்த்தா, காயில்ஓவரா?

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்க வேண்டும். ஸ்பிரிங் விறைக்கும்போது, அதை அடக்கத் தேவையான டேம்பிங், அதாவது ஷாக் ஆட்டத்தை அடக்கும் விசை, அந்த விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூட வேண்டும். 20 சதவீத விறைப்புக்குப் பத்து சதவீத டேம்பிங். புது ஷாக் இதைத் தாங்கிவிடும். 60,000 கி.மீ. ஓடிக் களைத்த ஷாக் தாங்காது, மேடு தாண்டியபின் கார் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும். ஸ்பிரிங்கை இரண்டரை மடங்கு விறைக்கச் செய்தால் தயாரிப்பாளரின் ஷாக் எவ்வளவு புதிதாக இருந்தாலும் போதாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தாழ்த்திய காரில் ஷாக்கின் பிஸ்டன் எப்போதும் தன் வழக்கமான இடத்துக்குக் கீழேயே வேலை செய்யும். இதற்காகவே சில தயாரிப்பாளர்கள் குட்டையான ஷாக்கைத் தனியாக விற்கிறார்கள். பில்ஸ்டைனில் பி6 என்பது அசல் உயரத்துக்கு, பி8 என்பது தாழ்த்திய காருக்கு. பி12 என்ற கட்டில் பி8 ஷாக்கும் எய்பாக் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து வரும். கோனியின் மஞ்சள் ஷாக்கில் ரீபவுண்டை, அதாவது ஸ்பிரிங் திரும்ப விரிவதை அடக்கும் விசையை, கூட்டிக் குறைக்கலாம்.

20 முதல் 25 மி.மீ.க்கு மேல் தாழ்த்தும் எண்ணம் இல்லாத, அன்றாடம் ஓட்டும் 86-க்கு இப்படிப் பொருத்தம் பார்த்த ஷாக்கும் ஸ்பிரிங்கும்தான் என் தேர்வு. பலர் இதைத் தாண்டி நேரே மலிவான காயில்ஓவருக்கு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து உயரம் மாற்றும்படி வரும் அமைப்புக்கு, போகிறார்கள். உயரத்தை விருப்பம்போல் மாற்றலாம் என்ற ஒரே வசதிக்காக, ஷாக்கின் தரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். உயரத்தை ஒருமுறை அமைத்தபின் பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. ஷாக்கின் தரமோ ஒவ்வொரு கிலோமீட்டரிலும் முதுகுக்குத் தெரியும்.

நல்ல காயில்ஓவர் வேறு கதை. 86-க்கு வரும் ஜப்பானியக் காயில்ஓவர்கள் பலவற்றில் முன் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 5, 6 கிலோ. மேலே பார்த்த கணக்கோடு ஒப்பிட்டால், குறைந்த தூரத்துக்குத் தேவையான விறைப்பை அது பெருமளவு நெருங்குகிறது என்பது புரியும். அந்த விறைப்பில் முன்பக்கத்தின் இயல்பதிர்வு, அதாவது ஸ்பிரிங்கின் மேல் கார் தானாக ஆடும் வேகம், விநாடிக்கு 1.4 முறையிலிருந்து சுமார் இரண்டை எட்டிவிடும். அதை மென்மையாக உணர வைப்பது ஷாக்கின் உள்ளிருக்கும் வால்வின் வேலை. ஓலின்ஸின் ரோட் அண்ட் டிராக் வகையில் இருக்கும் டூயல் ஃப்ளோ வால்வு, கேடபிள்யூவின் வி3-இல் அமுக்கத்துக்கும் விரிவுக்கும் தனித்தனியாக இருக்கும் திருகுகள் எல்லாம் இதற்காகத்தான். விலையும் அதற்கேற்பவே இருக்கும்.

காயில்ஓவர் வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி: உயரம் எங்கே மாறுகிறது? ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகி இறக்கும் வகையில், ஷாக்கின் அமுங்கும் தூரத்திலிருந்துதான் உயரம் கழியும். ஷாக்கின் அடிப்பகுதி தனியாகத் திருகி ஏறும் வகையில் முழு நீளமும் குறையும், உள்ளே இருக்கும் தூரம் அப்படியே இருக்கும். இரண்டாவது வகை மேலானது. ஆனால் அதிலும் ஓர் எல்லை உண்டு. ஷாக்கில் இடம் மிச்சம் இருந்தாலும், டயர் மேலே எழும்பி ஃபெண்டரின் உட்புறத்தில் உரசலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக் வைத்துச் சக்கரத்தை முழுதும் மேலே தூக்கிப் பார்த்தால் எது முதலில் முட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவதைப் பற்றி ஒரே வாக்கியம்: சக்கரம் முழுதும் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து கழன்றுவிடலாம், ஆகவே கூடாது.

முன், பின் விறைப்பின் விகிதத்தையும் கவனிக்க வேண்டும். முதல் தலைமுறையில் 86-உம் பிஆர்இசட்டும் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை, உருவம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் பிஆர்இசட்டுக்கு முன் ஸ்பிரிங் சற்று விறைப்பு, 86-க்குப் பின் ஸ்பிரிங் சற்று விறைப்பு. அந்தச் சிறு வேறுபாட்டிலேயே ஒன்று நிதானமாகவும் மற்றது பின்பக்கம் துள்ளலாகவும் ஓடுகிறது. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் பொறியாளர் மாரிஸ் ஆலி கண்டுபிடித்ததும் இதையொட்டியதே: பின்பக்கத்தின் அதிர்வு முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருந்தால், மேடு தாண்டியபின் கார் முன்னும் பின்னும் ஆடாமல் சமமாக அடங்கும். இந்த விகிதத்தைக் கலைக்கும் ஸ்பிரிங் செட்டை, எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், நீண்ட பயணம் போகும் காருக்கு வாங்க வேண்டாம்.

முன்பக்க வடிவியல்

86-இன் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூணும் கீழே ஒரு கையும். பின்பக்கம் டபுள் விஷ்போன், மேலும் கீழும் கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. தாழ்த்தும்போது இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

முன்பக்கத்தில் கீழே ஒரு கட்டுப்பாட்டுக் கை இருக்கிறது. அதன் உள்முனை காரின் உடலோடும், வெளிமுனை பால் ஜாயின்ட் வழியாகச் சக்கரத்தோடும் இணைந்திருக்கும். கார் தாழும்போது உள்முனை கீழே இறங்குகிறது, வெளிமுனை சக்கரத்தோடு அதே உயரத்தில் நிற்கிறது. ஒரு கட்டத்துக்குமேல் அந்தக் கை வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயத் தொடங்கும். மெக்ஃபர்சன் அமைப்பில் கையின் இந்தச் சாய்வுதான் ரோல் சென்டர் எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வளைவில் காரின் உடல் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. கார் 25 மி.மீ. தாழ்ந்தால் ஈர்ப்பு மையமும் 25 மி.மீ. தாழும். ஆனால் ரோல் சென்டர் அதைவிட வேகமாக, பெரும்பாலும் இரண்டு மடங்குவரை, கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவிலான தூரம் கூடுகிறது. காரைச் சாய்க்கும் நெம்புகோல் அந்தத் தூரம்தான். தாழ்ந்த கார், முன்னைவிட அதிகம் சாயத் துடிக்கும் காராகிறது. ஸ்பிரிங் விறைப்பு கூடியதால் அது வெளியே தெரியாமல் போகலாம். கூடிய விறைப்பில் ஒரு பங்கு நாமே உண்டாக்கிய சிக்கலை அடக்குவதிலேயே செலவாகிறது.

இதோடு, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடும் சேர்ந்துகொள்ளும். அது இருக்கும் கோணமும் கீழ்க்கையின் கோணமும் ஒன்றோடொன்று இசையாவிட்டால், மேட்டில் ஏறும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தானாகச் சற்றுத் திரும்பும். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கையை இழுப்பதுபோல் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நீளமான பால் ஜாயின்ட்டால் வெளிமுனையைக் கீழே இறக்கும் ரோல் சென்டர் அட்ஜஸ்டரை க்யூஸ்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. 20 மி.மீ. தாழ்த்தியவருக்கு அது தேவைப்படாது. 40 மி.மீ. தாழ்த்தியவர் அதன் விலையையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்பக்கத்தில் தாழத் தாழச் சக்கரத்தின் மேல்முனை உட்பக்கம் சாயும், அதாவது நெகட்டிவ் கேம்பர் கூடும். முன்பக்கத்தில் அந்த அளவு கூடாது. விளைவு, பின்னால் தேவைக்கு மேல் கேம்பர், முன்னால் தேவையைவிடக் குறைவு. தொழிற்சாலையிலிருந்து வரும் 86-இல் கேம்பரை மாற்ற வழி இல்லை. முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் பதில் சற்று மெலிந்த போல்ட் போட்டு ஒரு டிகிரிவரை பெறலாம், அல்லது மேலே கேம்பர் பிளேட் போடலாம். பின்பக்கத்துக்கு நீளம் மாற்றக்கூடிய கீழ்க்கைகள் வேண்டும். சாலைக்கு முன்னால் மைனஸ் ஒன்றரை டிகிரியும் பின்னால் அதே அளவும் நல்ல தொடக்கம்.

டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். சக்கரம் நேர்த்திசையிலிருந்து ஒரு டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 0.2 டிகிரி என்றாலும் மூன்றரை மீட்டர். காரைத் தாழ்த்தியதும் டோ மாறியே தீரும். அலைன்மென்ட் செய்யாமல் இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்று விட்டால் போவது புது டயரின் ஆயுள்.

சட்டம் போடும் கோடு

ஜப்பானில் வாகனத் தகுதிச் சோதனையான ஷாகென், புதுக் காருக்கு மூன்று ஆண்டில் முதல்முறை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதில் தரை இடைவெளி 9 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஜப்பானில் விற்ற 86-இன் தரை இடைவெளி 130 மி.மீ. ஆக 40 மி.மீ. தாழ்த்தினால் சரியாகக் கோட்டின் மேல் நிற்கும். கீழே தொங்கும் எக்ஸாஸ்ட் ஏதாவது மாட்டியிருந்தால் அந்தக் கார் தேறாது. காரின் சாய்வு மாறினால் ஹெட்லைட் ஒளி விழும் உயரமும் மாறும் என்பதால் அதையும் திரும்ப அமைக்க வேண்டும். ஜெர்மனியில் டியூஃப் போன்ற அமைப்பின் பரிசோதகர் பொருத்தத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எய்பாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் மிதமான தாழ்வோடும், எந்த அச்சுச் சுமைக்கு எவ்வளவு என்று எழுதிய சான்றிதழோடும் வருவதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம். அந்தச் சான்றிதழ் வேறு நாட்டில் செல்லாவிட்டாலும், யாரோ ஒருவர் முழுச்சுமையோடு சோதித்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. எனக்கு அது பெரிய நம்பிக்கை தருகிறது.

மாட்டும்போது

சஸ்பென்ஷன் கைகளின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் உலோக உறையோடு ஒட்டி வார்க்கப்பட்டவை. அவை சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கின்றன. கார் லிஃப்டில் சக்கரங்கள் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கியதும் ஒவ்வொரு புஷ்ஷும் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். கார் நினைத்த உயரத்துக்கு இறங்காது, புஷ் சீக்கிரமே கிழியும். எல்லாப் போல்ட்டையும் தளர்வாக விட்டு, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். அவசரத்தில் பல பட்டறைகள் இதை விட்டுவிடுகின்றன. வேலை கொடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லியிருக்கிறதா என்று ஸ்பிரிங்கோடு வரும் தாளைப் படிக்க வேண்டும். சொல்லியிருந்தால் சொன்ன அளவு மட்டும், சொல்லாவிட்டால் வெட்டவே கூடாது.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கும். மாட்டிய அன்றே சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு மூலையையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டத் தொடங்குமுன் டோவை மட்டும் ஒருமுறை சரிசெய்துவிட்டு, முழு அலைன்மென்ட்டை உயரம் அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுபவரின் எடையையே ஏற்றி, டேங்கைப் பாதி நிரப்பி அலைன்மென்ட் செய்யச் சொன்னால் கேம்பரும் டோவும் உண்மையில் ஓடும் நிலைக்குப் பொருந்தும். தண்டில் அந்த பிளாஸ்டிக் டையையும் திரும்ப மாட்டிவிட்டால், புதிய உயரத்தில் பம்ப் ஸ்டாப்புக்கு எவ்வளவு மிச்சம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். 10 மி.மீ.கூட மிச்சம் இல்லையென்றால், காயில்ஓவர் உள்ளவர் காரைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங் மட்டும் போட்டவர் அடுத்த விறைப்புக்குப் போவதா, பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டுவதா என்று முடிவு செய்யலாம்.